தினமும் ஓட்டும் காருக்கு 3,200 ஸ்டால் டார்க் கன்வெர்ட்டர் சரிப்படுமா?

ஆறு கியர் ஆட்டோமேட்டிக், பின்சக்கர இயக்கம், எஞ்சின் ஏற்கெனவே டியூன் செய்தாகிவிட்டது. தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டியும் அதுதான், எப்போதாவது டிராக் பக்கமும் போகும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் மந்தமாக இருக்கிறது. நண்பர்கள் 3,200 ஆர்பிஎம் ஸ்டால் கன்வெர்ட்டர் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் உருளை; ஸ்டால் என்றால் என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்) போடச் சொல்கிறார்கள். போட்டால் தினசரி ஓட்டம் கெடுமா, மைலேஜ் விழுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ஒரு நம்பரைப் பற்றி இருந்தாலும், கிளம்பும் வேகத்துக்காகத் தினசரி ஓட்டத்தில் எதை விட்டுக்கொடுக்க வேண்டிவரும் என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று எடுத்துக்கொள்கிறேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களைப் பிரித்துக் கட்டுவது என் தொழில். கன்வெர்ட்டர் எப்படி நடந்துகொள்ளும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்பது, பார்க்காமல் சொல்வதால், என் கணிப்பு மட்டுமே. இரண்டையும் கலக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

முதலில், இப்போது இருக்கும் கன்வெர்ட்டர் நல்ல நிலையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். கன்வெர்ட்டருக்குள் எஞ்சினோடு சுற்றும் பம்ப், கியர்பாக்ஸ் ஷாஃப்டைச் சுழற்றும் டர்பைன், இரண்டுக்கும் நடுவில் ஸ்டேட்டர் என்று மூன்று துடுப்புச் சக்கரங்கள் இருக்கின்றன. ஸ்டேட்டர் ஒரு பக்கம் மட்டுமே சுற்றும்படி ஒருவழிக் கிளட்ச் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கிளட்ச் தேய்ந்து இரண்டு பக்கமும் வழுக்க ஆரம்பித்தால், வண்டி கிளம்பும்போது இழுக்காது, வேகம் பிடித்த பிறகு சாதாரணமாக ஓடும். நீங்கள் சொல்லும் அறிகுறி இதற்கும் பொருந்துகிறது! அதே கிளட்ச் இறுகிப்போனால் நேர்மாறு: கிளம்புவது நன்றாக இருக்கும், மேல் வேகத்தில் மூச்சு வாங்கும், ஆயில் சூடாகும். ஸ்கேனர் போட்டு பி0741 போன்ற லாக்-அப் (பம்பையும் டர்பைனையும் நேரடியாகப் பூட்டும் கிளட்ச்) கோளாறுக் குறியீடுகள் இருக்கின்றனவா என்று பார்ப்பதும், ஆயிலின் நிறத்தையும் வாசனையையும் பார்ப்பதும் அரை மணி நேர வேலை. பழுதான உருப்படியைக் கழற்றிவிட்டு விலை கூடிய ஒன்றை மாட்டி, அதனால்தான் வண்டி பறக்கிறது என்று நம்புகிறவர்கள் உண்டு. அதே வண்டிக்குப் புதிய கம்பெனி கன்வெர்ட்டர் போட்டிருந்தாலும் பாதி வித்தியாசம் தெரிந்திருக்கும்.

சரி, பழுது எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். வண்டி நிற்கும்போது டர்பைன் சுற்றாது, பம்ப் மட்டும் சுற்றும். டர்பைனில் மோதித் திரும்பும் ஆயிலை ஸ்டேட்டர் மடக்கி, பம்ப் சுற்றும் திசையிலேயே மறுபடி அனுப்புகிறது. இதனால் எஞ்சின் கொடுக்கும் டார்க் (சுழற்றும் விசை) போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கியர்பாக்ஸுக்குப் போய்ச் சேர்கிறது. சாலைக் கார்களில் இது பெரும்பாலும் 1.8 முதல் 2.5 மடங்குக்குள் இருக்கும். வண்டி நகர நகர இந்தப் பெருக்கம் குறைந்துகொண்டே வரும்; டர்பைன் பம்பின் வேகத்தில் 85 – 90 சதவீதத்தை எட்டும்போது ஒன்றுக்கு ஒன்று ஆகிவிடும். அதற்குப் பிறகு ஸ்டேட்டர் சும்மா சுற்றும், கன்வெர்ட்டர் வெறும் திரவ இணைப்புதான். ஸ்டால் என்பது, டர்பைனை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் எஞ்சின் எந்த ஆர்பிஎம்மில் முட்டி நிற்கிறதோ, அது.

பெட்டியில் போட்டிருக்கும் 3,200 என்ற எண் கன்வெர்ட்டருக்குச் சொந்தமானது இல்லை. பம்பை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுற்ற எவ்வளவு டார்க் வேண்டும் என்பது ஆர்பிஎம்மின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் ஸ்டால் ஆர்பிஎம் எஞ்சின் டார்க்கின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து ஏறும். ஒரு கன்வெர்ட்டர் 300 நியூட்டன் மீட்டர் கொடுக்கும் எஞ்சினுக்குப் பின்னால் 2,400-இல் முட்டுகிறது என்றால், அதே உருப்படி 400 நியூட்டன் மீட்டருக்குப் பின்னால் சுமார் 2,770-இல் முட்டும். 500 என்றால் 3,100. நண்பருடைய வண்டியில் 3,200 காட்டிய கன்வெர்ட்டர் உங்களுடையதில் 2,700 காட்டலாம், 3,600-உம் காட்டலாம். இங்கே கணக்கில் வருவது எஞ்சினின் உச்ச டார்க் இல்லை. அந்த ஆர்பிஎம்மில் அது என்ன கொடுக்கிறது என்பதுதான். விளம்பரத்தில் எந்த எஞ்சினை வைத்து அளந்தார்கள் என்று எழுதாத ஸ்டால் எண்ணுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை.

அளக்கும் முறையிலும் குழப்பம் உண்டு. பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பார்ப்பது ஒன்று. மெதுவாக உருண்டுகொண்டிருக்கும்போது சட்டென்று முழுதாக அழுத்தி, ஆர்பிஎம் எங்கே தாவி நிற்கிறது என்று பார்ப்பது இன்னொன்று. பல வண்டிகளில் எஞ்சின் அந்த ஆர்பிஎம்மை எட்டும் முன்பே பின்சக்கரம் பிரேக்கை மீறிச் சுற்ற ஆரம்பிக்கும். புதிய கார்களில் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒன்றாக அழுத்தப்பட்டால் கம்ப்யூட்டரே எஞ்சினை அடக்கிவிடும். அதனால் முதல் முறை பெரும்பாலும் குறைவாகக் காட்டும். அதைச் செய்வதானால் ஐந்து வினாடிக்கு மேல் வேண்டாம்: 300 நியூட்டன் மீட்டரில் 2,400 ஆர்பிஎம் என்றால் 75 கிலோவாட், அவ்வளவும் அந்தச் சிறிய உருளைக்குள் வெப்பமாக இறங்குகிறது.

3,200 ஸ்டால் போட்டால் 3,200 ஆர்பிஎம் தொடும்வரை வண்டி நகராது என்று பலர் பயப்படுகிறார்கள். இது தவறு. ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டால் எஞ்சின் கொடுப்பதும் கொஞ்சம் டார்க்தான், அதற்கேற்ற குறைந்த ஆர்பிஎம்மிலேயே வண்டி நகர்ந்துவிடும். மாறுவது என்னவென்றால், அதே மெதுவான கிளம்பலுக்கு முன்பு 1,500 காட்டிய டயல் இப்போது 2,000 பக்கம் காட்டும். எஞ்சின் சத்தம் முதலில் ஏறும், வேகம் ஒரு கணம் பின்னால் வரும். காலை எடுத்தால் எஞ்சின் பிரேக்கிங் குறைவாகத் தெரியும். கியரில் போட்டு பிரேக்கை விட்டால் தானாக ஊர்ந்து போகும் அந்த இழுவையும் குறையும். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கொஞ்சம் பின்னால் உருளலாம். நெரிசலில் தினமும் ஊர்கிறவருக்கு இந்தச் சின்ன விஷயங்கள்தான் ஒரு மாதத்தில் எரிச்சலாக மாறும். டிராக்கில் கிடைக்கும் சுகம் அப்போது நினைவுக்கு வராது.

இதில் எல்லாக் கன்வெர்ட்டரும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒரே ஸ்டால் எண்ணை இரண்டு வழியில் கொண்டுவரலாம். விட்டத்தைக் குறைப்பது ஒரு வழி. கன்வெர்ட்டர் தாங்கும் டார்க் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் மாறுவதால், துடுப்பு வடிவம் அப்படியே இருக்க 12 அங்குலத்தை 10 ஆக்கினால் ஸ்டால் ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விடும். எடையும் குறையும், எஞ்சின் சுறுசுறுப்பாக ஏறும். மற்ற வழி, விட்டத்தை அதிகம் தொடாமல் ஸ்டேட்டரை மாற்றுவது, துடுப்புக் கோணத்தைத் திருத்துவது. நல்ல வடிவமைப்பில் முழு ஆக்சிலரேட்டரில் 3,000-க்கு மேல் தாவும் கன்வெர்ட்டர், லேசான ஆக்சிலரேட்டரில் கம்பெனி உருப்படி போலவே இறுக்கமாக, அதாவது அதிகம் வழுக்காமல், நடந்துகொள்ளும். மட்டமானதில் ஸ்டால் 2,800 என்றாலும் எப்போதும் வழுக்கிக்கொண்டே இருக்கும். பெட்டி மேல் இருக்கும் எண் இந்த வித்தியாசத்தைக் காட்டாது. டார்க் பெருக்கம் அதிகம் என்று காட்டி விற்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். பெருக்கத்தைக் கூட்டினால் பொதுவாக மேல் வேகத்தில் இணைப்பின் திறன் கொஞ்சம் குறையும். டார்க் நிறைந்த பின்சக்கர வண்டியில் கூடுதல் பெருக்கம் டயரைச் சுற்ற வைப்பதோடு முடிந்துவிடும்.

இந்த மாற்றத்தால் எவ்வளவு லாபம் என்பது கியர்பாக்ஸைப் பொறுத்தது. ஜிஎம்மின் பழைய நான்கு கியர் 4எல்60இ-யை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கியர் 3.06, இரண்டாவது 1.63. 6,000-இல் கியர் மாறினால் கணக்குப்படி எஞ்சின் 3,200-க்கு விழும். அங்கே கன்வெர்ட்டர் கொஞ்சம் தளர்வாக, அதாவது வழுக்க இடம் கொடுப்பதாக, இருந்தால் எஞ்சினை மேலேயே பிடித்துவைக்கும். கிளம்பும்போது மட்டுமின்றி ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் லாபம். இசட்எஃப் 8எச்பி-யில் முதல் கியர் 4.71, இரண்டாவது 3.14, அதே 6,000 இங்கே 4,000-க்குத்தான் விழும். கியர்களின் இடைவெளி நெருக்கம், அதோடு லாக்-அப் கிளட்சும் மிகச் சீக்கிரமே பிடித்துவிடும். அதனால் அதில் கன்வெர்ட்டர் வேலை செய்வது கிளம்பும் அந்த ஓரிரு வினாடிகள்தான். உங்கள் ஆறு கியர் இரண்டுக்கும் நடுவில் வரும். நான்கு கியர் வண்டிக்காரர்கள் சொல்லும் கதையை வைத்து உங்கள் எதிர்பார்ப்பை ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

எஞ்சின் டர்போவா இல்லையா என்று எழுதவில்லை, அது முக்கியம். டர்போ இல்லாமல், கேம் (வால்வுகளைத் திறக்கும் ஷாஃப்ட்) மாற்றி, டார்க்கை மேல் ஆர்பிஎம்முக்குத் தள்ளிய எஞ்சின் என்றால் கீழே பலம் இருக்காது, ஸ்டால் ஏற்றுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. டர்போ என்றால், பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) வருவதற்கு முன் எஞ்சின் பலவீனமாக இருப்பதால் ஸ்டால் கீழேயே நிற்கும், பூஸ்ட் வந்ததும் மேலே ஓடும். ஒரே கன்வெர்ட்டர் முதலில் இறுக்கமாகவும் அப்புறம் தளர்வாகவும் தெரியும். இதற்குத் தேர்ந்தெடுப்பது கொஞ்சம் நுட்பமான வேலை. பூஸ்ட் எந்த ஆர்பிஎம்மில் வருகிறது என்ற பதிவு இல்லாமல் யாரும் சரியாகச் சொல்ல முடியாது. இரண்டும் இல்லை, டார்க் 2,000-லேயே நிறைய இருக்கிறது என்றால் உங்கள் மந்தத்துக்குக் காரணம் வேறெங்கோ இருக்கலாம். முதல் கியரில் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே எஞ்சினை அடக்குவது புதிய கார்களில் மிகச் சாதாரணம். டியூனர் அதைத் தளர்த்தினாரா என்று கேளுங்கள். டிஃபரென்ஷியல் விகிதத்தை (பின் அச்சில் உள்ள கடைசிக் கியர் விகிதம்) மாற்றுவதும் ஒரு வழி. ஆனால் அது நெடுஞ்சாலை ஆர்பிஎம்மையும் ஏற்றிவிடும்.

தினசரி வண்டிக்கு ஸ்டால் எண்ணைவிட லாக்-அப் கிளட்ச்தான் முக்கியம் என்பது என் கருத்து. கிளட்ச் பிடித்துவிட்டால் எஞ்சினும் கியர்பாக்ஸும் நேரடியாகச் சேர்ந்துவிடும், வழுக்கல் கிடையாது. அந்த நிலையில் ஸ்டால் 1,800-ஆ 3,200-ஆ என்பதால் மைலேஜ் மாறாது. நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓடுகிறவருக்கு மைலேஜ் வித்தியாசம் மிகக் குறைவாகவே தெரியும், நகருக்குள் நின்று நின்று ஓடுகிறவருக்குத் தெளிவாகத் தெரியும். எத்தனை சதவீதம் என்று பொதுவாக ஓர் எண் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஓடும் பாதை மாறினால் அந்த எண்ணும் மாறிவிடும். லாக்-அப்பே இல்லாத ரேஸ் கன்வெர்ட்டர்கள் விலை குறைவாகக் கிடைக்கும். தினசரி வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

லாக்-அப் உள்ளதிலும் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. கம்பெனி கன்வெர்ட்டரில் பெரும்பாலும் ஒற்றைத் தட்டுதான். டியூன் செய்து டார்க்கை ஏற்றிய பிறகு, முழு ஆக்சிலரேட்டரில் லாக் ஆகும்படி விட்டால் அது வழுக்கி எரியும். எரிந்த லைனிங் துகள்கள் ஆயிலோடு சுற்றி, கியர்பாக்ஸின் ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ் பாடிக்குள் போய் உட்காரும். கன்வெர்ட்டர் செலவு கியர்பாக்ஸ் செலவாக மாறுவது இப்படித்தான். பல தட்டு லாக்-அப் இந்த டார்க்கைத் தாங்கும். ஆனால் புதிய கியர்பாக்ஸ்களில் கம்ப்யூட்டர் லாக்-அப்பை முழுதாகப் பிடிக்காமல், சில பத்து ஆர்பிஎம் வழுக்கலிலேயே வைத்து ஓட்டுகிறது. கிளட்சின் பிடிமானம் மாறிவிட்டால் அந்தக் கணக்குத் தப்பி, 60 – 70 கிலோமீட்டர் வேகத்தில் நடுக்கம் வரலாம். உள்ளே அதிர்வை வாங்கும் ஸ்பிரிங் டாம்பர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். எடை குறைக்கிறோம் என்று அதை எடுத்துவிட்ட உருப்படிகளில், குறைந்த ஆர்பிஎம்மில் லாக் ஆகும்போது எஞ்சின் அதிர்வு நேராக உள்ளே வரும்.

ஆகவே கன்வெர்ட்டர் மாற்றுவது என்றால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரின் டியூனும் சேர்ந்துதான். லாக்-அப் எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும், முழு ஆக்சிலரேட்டரில் பிடிக்கலாமா, கியர் எந்த வேகத்தில் மாற வேண்டும் என்பதெல்லாம் புதிய உருப்படிக்கு ஏற்பத் திருத்தப்பட வேண்டும். இல்லாவிட்டால் நல்ல கன்வெர்ட்டரும் மோசமாகத் தெரியும். வழுக்கலைப் பழுதென்று நினைத்துக் கோளாறு விளக்கும் எரியும். உங்கள் கியர்பாக்ஸின் கம்ப்யூட்டரைத் திறந்து எழுதத் தெரிந்தவர் இருக்கிறாரா என்பதைக் கன்வெர்ட்டர் வாங்குவதற்கு முன்பே கண்டுபிடியுங்கள்.

அடுத்தது வெப்பம். லாக் ஆகாமல் 20 கிலோவாட் கடத்தும்போது 10 சதவீத வழுக்கல் இருந்தால் 2 கிலோவாட் ஆயிலுக்குள் போகிறது. ஸ்டால் ஏறினால் இந்த வழுக்கல் கூடும், அதனால் தனிக் கூலர் அவசியம். கியர்பாக்ஸ் ஆயில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் ஓடினால் கவலை இல்லை. 120-க்கு மேல் தொடர்ந்து நின்றால் ஆயில் சீக்கிரம் கெடும், சீல்கள் இறுகும். பத்து டிகிரிக்கு ஒருமுறை ஆயுள் பாதியாகும் என்று சொல்வது ஒரு தோராயக் கணக்கு, எல்லா ஆயிலுக்கும் அப்படியே பொருந்தாது. கூலர் மிகப் பெரிதாகப் போனாலும் சிக்கல்தான். பல வண்டிகளில் ஆயில் சூடாகும்வரை கம்ப்யூட்டர் லாக்-அப்பை அனுமதிக்காது. குளிர்ந்தே கிடந்தால் வழுக்கிக்கொண்டே ஓடும். அதனால் தெர்மோஸ்டாட் வைத்த கூலராகப் பாருங்கள்.

இனி என் கணிப்பு. கம்பெனி கன்வெர்ட்டர் உங்கள் வண்டியில் உண்மையில் எவ்வளவு ஸ்டால் காட்டுகிறதோ, அதற்கு மேல் 500 முதல் 800 ஆர்பிஎம் வரை போவது தினசரி வண்டிக்குப் போதும். கம்பெனியுடையது 2,000 பக்கம் இருந்தால் 2,600 – 2,800. கிளம்புவதில் வித்தியாசம் முதல் நாளே தெரியும், வீட்டில் மற்றவர்கள் ஓட்டினாலும் குறை சொல்ல மாட்டார்கள். 3,200 போட்டும் சுகமாக ஓடும் வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன், எல்லாம் கேம் மாற்றிய எஞ்சின், நல்ல வடிவமைப்புக் கன்வெர்ட்டர், பொறுமையான டியூனர் என்று மூன்றும் சேர்ந்தவை. ஒன்று குறைந்தாலும் அந்த வண்டி சீக்கிரமே விற்பனைக்கு வந்துவிடுகிறது. பெரிய எண்ணைத்தான் வாங்குவேன் என்றால் உங்கள் இஷ்டம், ஆனால் அதே கன்வெர்ட்டர் போட்ட வண்டியை ஒருமுறை நெரிசலில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கட்டிக் கொடுப்பவரைத் தேர்ந்தெடுக்க ஓர் எளிய வழி: அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். வண்டியின் எடை, டிஃபரென்ஷியல் விகிதம், டயர் உயரம், ஆர்பிஎம் வாரியாக எஞ்சினின் டார்க், பூஸ்ட், எதற்கு ஓட்டுகிறீர்கள் என்று கேட்டால் அவருக்குத் தொழில் தெரியும். எதுவும் கேட்காமல் "3,200 இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். புதிய கார்களுக்குப் பெரும்பாலும் கம்பெனி கன்வெர்ட்டரையே லேத்தில் வெட்டித் திறந்து, ஸ்டேட்டரையும் கிளட்சையும் மாற்றி, திரும்ப வெல்டிங் செய்து, பேலன்ஸ் பார்த்துத் தருவார்கள். அதில் தவறில்லை. துடுப்புகளை உள்ளே பிரேசிங் செய்திருக்கிறாரா, ஒழுக்குச் சோதனை செய்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டும் வேலையில் கெடும் கன்வெர்ட்டர்கள் ஓடிக் கெடுபவற்றுக்குச் சளைத்தவை இல்லை. மாட்டும் முன் உள்ளே ஒரு லிட்டர் போல ஆயில் ஊற்ற வேண்டும். பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் கன்வெர்ட்டரைச் சுற்றிக்கொண்டே தள்ளும்போது இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர் ஷாஃப்ட், ஆயில் பம்ப் என்று மூன்று படியாக உள்ளே இறங்கும். கடைசிப் படி இறங்காமல் கியர்பாக்ஸை எஞ்சினோடு போல்ட் போட்டு இழுத்தால் ஆயில் பம்ப் உடையும். போல்ட் போட்ட பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுற்ற வேண்டும். ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் (கன்வெர்ட்டரை எஞ்சினோடு இணைக்கும் தகடு) கன்வெர்ட்டருக்கும் நடுவில் பொதுவாக 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். சரியான அளவு உங்கள் கன்வெர்ட்டரோடு வரும் தாளில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். இடைவெளி இல்லாமல் இறுக்கினால் கிராங்க் ஷாஃப்டின் த்ரஸ்ட் பேரிங்கும் சேர்ந்து போகும். பழைய கூலரும் குழாய்களும் கழுவப்பட வேண்டும். பழைய கன்வெர்ட்டர் எரிந்து போயிருந்தால் கூலரையே மாற்றிவிடுவது நல்லது.

மாட்டிய பிறகு ஆயில் அளவைக் குளிர்ந்த நிலையில் பார்த்து முடித்துவிடாமல், கம்பெனி சொல்லும் வெப்பநிலையில் மறுபடி பாருங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் முழு ஆக்சிலரேட்டர் வேண்டாம், லாக்-அப் லைனிங் படியட்டும். டிராக்குக்குப் போவதற்கு முன் ஸ்கேனரில் எஞ்சின் ஆர்பிஎம், டர்பைன் ஆர்பிஎம், ஆயில் வெப்பம் மூன்றையும் சேர்த்து ஒரு நாள் பதிவு செய்யுங்கள். லாக் ஆனதாகக் கம்ப்யூட்டர் சொல்லும் நேரத்தில் முதல் இரண்டுக்கும் நடுவில் 100-க்கு மேல் வித்தியாசம் நின்றால் டியூனரிடம் காட்டுங்கள். வாங்குவதற்கு முன்பே, இப்போதைய கன்வெர்ட்டரோடு இதே பதிவை எடுத்து ஆர்பிஎம் வாரியான டார்க் விவரத்தோடு இங்கே போட்டால், 500-ஆ 800-ஆ என்பதை இன்னும் நெருக்கிச் சொல்ல முடியும்.